கோடை மழையின் வட்டார வேறுபாடுகளும் தன்னார்வ மழைப் பதிவும்: ராணிப்பேட்டை – வேலூர் – ஆம்பூர் தோல் தொழில் பகுதியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மார்ச் முதல் மே வரை பெய்யும் கோடை மழை, ராணிப்பேட்டை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் ஊருக்கு ஊர் பெரிதும் மாறுபடுகிறது. மாவட்டச் சராசரி இந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை. வானிலை ஆர்வலர்கள் வீட்டிலும் வயலிலும் எடுக்கும் அளவுகள் இக்குறையைப் போக்க வல்லவை. ஆனால் அளக்கும் நேரம், மழைமானியின் இருப்பிடம், மழையில்லா நாளின் பதிவு ஆகிய மூன்றிலும் ஒழுங்கு இருந்தால்தான் அவை ஆய்வுச் சான்றாகும். அந்த ஒழுங்கு எது, தோல் தொழில் பகுதிக்கு அத்தகைய பதிவு ஏன் இன்றியமையாதது என்பவையே இக்கட்டுரையின் பொருள்.

1. சராசரி மறைப்பது

இந்திய வானிலை ஆய்வுத் துறை ஆண்டை நான்கு பருவங்களாகப் பிரிக்கிறது. ஜனவரி, பிப்ரவரி குளிர்காலம். மார்ச் முதல் மே வரை கோடை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தமிழ்நாட்டின் ஆண்டு மழை சராசரியாக 920 மி.மீ. அளவில் இருக்கிறது. அதில் கோடை மழையின் பங்கு ஏறத்தாழ 125 மி.மீ.; ஏழில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு.

இந்த 125 மி.மீ. மாநிலம் முழுவதும் ஒரே சீராகப் பெய்வதில்லை. கன்னியாகுமரியிலும் நீலகிரியிலும் கோடை மழை வளமானது. கிருஷ்ணகிரி, தருமபுரி மேட்டுநிலத்திலும் அது கணிசமாகப் பெய்கிறது. சென்னைக் கடற்கரையிலோ மார்ச்சும் ஏப்ரலும் ஆண்டின் மிக வறண்ட மாதங்களைச் சேர்ந்தவை. பாலாற்றுச் சமவெளி இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் கிடக்கிறது. வாணியம்பாடி கிருஷ்ணகிரியின் இயல்பை ஒட்டியது. அரக்கோணம் திருவள்ளூரின் இயல்பை ஒட்டியது. இரண்டுக்கும் இடைப்பட்ட ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை ஆகியவற்றில் ஒவ்வோர் ஆண்டும் நிலைமை மாறுகிறது.

எடுத்துக்காட்டாக, ஒரு மாவட்டத்தில் ஐந்து மானிகள் இருப்பதாகக் கொள்வோம். ஒரு மாலை இடிமழையில் அவை முறையே 50, 20, 5, 0, 0 மி.மீ. காட்டுகின்றன. சராசரி 15 மி.மீ. அந்த ஐந்து இடங்களில் எதிலும் 15 மி.மீ. பெய்யவில்லை. பரவலாகப் பெய்யும் வடகிழக்குப் பருவமழையில் இத்தகைய சராசரிக்கு ஓரளவு பொருள் உண்டு. கோடையில் அது யாருடைய வயலுக்கும் பொருந்தாத எண்.

2. கோடை மழை உருவாகும் விதம்

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் மழை பிறக்கும் முறையிலேயே இருக்கிறது. கத்திரி வெயிலை ஒட்டிய வாரங்களில் தரை கொதிக்கிறது. தரையை ஒட்டிய காற்று சூடேறி மேலெழுகிறது. வங்கக் கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே வந்து, காற்றின் திசை மாறுபடும் கோட்டை உள் மாவட்டங்களில் சந்திக்கும்போது வெப்பச் சலனம் வலுத்து இடிமேகங்கள் திரள்கின்றன. ஜவ்வாது மலையும் ஏலகிரியும் சூடான காற்றை மேலே தள்ளி இதற்குத் துணை செய்கின்றன. மேலடுக்குக் காற்று மேற்கிலிருந்து வீசும் நாட்களில், மலையோரம் பிற்பகலில் பிறந்த மேகக்கூட்டம் கிழக்கே நகர்ந்து மாலையிலோ இரவிலோ ராணிப்பேட்டைப் பக்கம் வந்துசேரும். கடற்காற்றின் முனை உள்ளே நுழைந்து அதனைச் சந்தித்தால் மழை வலுக்கும். இல்லாவிட்டால் மேகம் வழியிலேயே கலைந்துவிடும்.

தனி இடிமேகம் ஒன்றின் அகலம் சில கிலோமீட்டர். அதன் ஆயுள் ஒரு மணி நேரத்துக்கு உட்பட்டது. ஆற்காட்டில் சாலையில் தண்ணீர் ஓட, பாலாற்றுக்கு மறுகரையில் புழுதி அடங்காமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

இதற்கு நேர்மாறான ஆண்டுகளும் உண்டு. 2016 மே மாதம் ரோனு புயலாக வலுத்த அமைப்பு தமிழகக் கடலோரத்தை ஒட்டிச் சென்றபோது சென்னைப் பகுதி கனமழை பெற்றது. அப்படிப்பட்ட ஒரே நிகழ்வு, கடற்கரை வறண்டது, உள்நாடு ஈரமானது என்ற வழக்கமான வரிசையையே புரட்டிவிடும். ஆகவே கோடை மொத்தத்தை மட்டும் ஒப்பிட்டு வட்டார முடிவு சொல்லக்கூடாது. வெப்பச் சலன மழை எவ்வளவு, கடல் அமைப்புகள் தந்த மழை எவ்வளவு என்று பிரித்துக் காட்ட வேண்டும். இடி கேட்டதா, காற்று எத்திசையில் அடித்தது, மழை எப்போது தொடங்கி எப்போது விட்டது என்ற குறிப்புகள் இருந்தால்தான் இது முடியும். அக்குறிப்புகளை எழுதக்கூடியவர் அந்த ஊரில் இருக்கும் மனிதர்.

3. இப்போதுள்ள மானிகளும் ரேடாரும்

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அன்றாட மழைப் பட்டியலைப் படித்தால் இந்தப் பகுதியின் அளவீட்டு வரலாறே அதில் தெரியும். வேலூரிலும் திருப்பத்தூரிலும் துறையின் வானிலை நிலையங்கள் உள்ளன. வாலாஜா, ஆற்காடு, சோளிங்கர், அரக்கோணம் போன்றவை வருவாய்த் துறை சார்ந்த இடங்கள். காவேரிப்பாக்கம் ஏரியும் பாலாறு அணைக்கட்டும் பாசனக் கணக்குக்காக அளக்கப்படுபவை. அம்முண்டி, வடபுதுப்பட்டு, கேத்தாண்டப்பட்டி ஆகிய ஊர்களில் கூட்டுறவு சர்க்கரை ஆலைகளின் வளாகங்களில் மானிகள் இருக்கின்றன. வரி, பாசனம், கரும்பு ஆகிய தேவைகளே இந்த இடங்களைத் தேர்ந்தெடுத்தன. தோல் ஆலைகள் நிறைந்த தெருக்களையும் அவற்றின் கழிவுநீர் நிலையங்களையும் சுற்றி மழையை அளக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தத் தேர்வில் இல்லை.

ராணிப்பேட்டை மாவட்டம் 2019 நவம்பரில்தான் வேலூரிலிருந்து பிரிந்தது. எனவே அதன் நீண்டகாலச் சராசரி, பழைய வேலூர் மாவட்டத்தின் நிலையங்களை மறுபடி பகுத்துத்தான் கிடைக்கிறது.

ரேடார் இந்த இடைவெளியை நிரப்பாதா என்ற கேள்வி நியாயமானது. சென்னைத் துறைமுகத்தில் 2002இல் நிறுவிய டாப்ளர் ரேடாரிலிருந்து ராணிப்பேட்டை ஏறத்தாழ 105 கி.மீ.; ஆம்பூர் ஏறத்தாழ 175 கி.மீ. கதிரை அரை டிகிரி சாய்வில் செலுத்தினால், பூமியின் வளைவையும் சேர்த்துக் கணக்கிடும்போது, அது ராணிப்பேட்டைக்கு மேலே ஒன்றரை கி.மீ. உயரத்திலும் ஆம்பூருக்கு மேலே மூன்று கி.மீ.க்கும் அதிக உயரத்திலும் செல்கிறது. கீழே வறண்ட காற்றில் ஆவியாகும் துளிகளை ரேடார் மழையாகவே காட்டக்கூடும். கோடைக்கே உரிய பிழை இது. தரையில் உள்ள மானிதான் அதைத் திருத்தும்.

4. தன்னார்வப் பதிவின் மரபு

மழையை வட்டாரம் வட்டாரமாக ஒப்பிடுவது நமக்குப் புதிதல்ல. களஞ்சியத்தின் முன் மழை அளக்கும் பாத்திரம் வைக்க அர்த்தசாஸ்திரம் பணிக்கிறது. வறண்ட நாட்டுக்கும் நீர்வளமுள்ள நாட்டுக்கும் வெவ்வேறு மழை அளவுகளையும் அது குறிக்கிறது. பொதுமக்களின் அளவுகளை அறிவியலாக்கிய ஒரு பெரும் முயற்சியை இங்கிலாந்தில் ஜார்ஜ் ஜேம்ஸ் சைமன்ஸ் தொடங்கியது. 1860க்கான அவருடைய முதல் தொகுப்பில் 168 இடங்கள் இருந்தன. 1900இல் அவர் மறைந்தபோது எண்ணிக்கை 3000ஐத் தாண்டியிருந்தது. எல்லோருக்கும் ஒரே நேரம், ஒரே விதி என்பதே அவர் வெற்றிக்குக் காரணம்.

அமெரிக்காவில் 1997 ஜூலையில் ஃபோர்ட் காலின்ஸ் நகரின் மேற்குப் பக்கம் பேய்மழையில் மூழ்கியது. அதே நகரின் கிழக்குப் பக்கம் பெய்தது அதில் சிறு பங்குதான். வெள்ளத்தில் ஐந்து பேர் இறந்தனர். அதன் விளைவாக 1998இல் கொலராடோவில் தோன்றிய தன்னார்வ மழைப் பதிவு வலையமைப்பு நாடு முழுவதும் பரவியது. ‘இன்று மழையில்லை’ என்ற பதிவுக்கும் அது சம மதிப்புத் தருகிறது.

தமிழ்நாட்டில் ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜானைப் போன்ற ஆர்வலர்களால் மி.மீ. கணக்கு வீட்டுப் பேச்சாகிவிட்டது. இந்த ஆர்வத்தை முறையான பதிவாக மாற்றுவதே அடுத்த படி.

5. பிழைகளும் அவற்றைத் திருத்தும் வழியும்

ஆர்வலர் பதிவின் மீது சொல்லப்படும் குறை, அது நம்பத்தக்கதல்ல என்பது. பிழைகள் உண்மை, ஆனால் அவை இனம் காணக்கூடியவை.

முதலாவது, நேரம். துறையின் மழைநாள் காலை 8.30க்கு முடிகிறது. ஏப்ரல் 10 மாலை ஆறு மணிக்குப் பெய்த மழை 11ஆம் தேதிக் கணக்கில் வரும். நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை கணக்கிடும் ஆர்வலர் அதை 10ஆம் தேதியில் எழுதுவார். மே 31 மாலை மழையில் இந்தக் குழப்பம் பருவத்தையே மாற்றுகிறது: ஆர்வலருக்கு அது கோடை மழை, துறைக்கு அது தென்மேற்குப் பருவத்தின் முதல் நாள். கோடை மழை பெரும்பாலும் மாலையில் பெய்வதால் மற்ற பருவங்களைவிட இந்தப் பிழை இங்கே அதிகம்.

இரண்டாவது, இருப்பிடம். துறையின் மானியில் வாய் விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்கும். மொட்டை மாடியில் வைத்த மானியில், இடிமழைக்கு முன் வீசும் பலத்த காற்று துளிகளைத் தள்ளிவிட, அளவு குறையும். மரமோ சுவரோ இருந்தால், அதன் உயரத்தைப் போல் இரு மடங்கு தூரமாவது தள்ளி வைக்க வேண்டும்.

மூன்றாவது, கருவி. விலை மலிவான கருவியே போதும். 16 செ.மீ. விட்டமுள்ள வட்டமான புனலின் வாய்ப்பரப்பு ஏறத்தாழ 200 சதுர செ.மீ.; துறையின் மானி ஒன்றின் பரப்பும் அதுவே. அதன்கீழ் ஒரு பாட்டிலைப் பொருத்தினால், சேர்ந்த நீரில் ஒவ்வொரு 20 மி.லி.யும் 1 மி.மீ. மழை. ஆய்வுக்கூட அளவுக்குழாயில் ஊற்றிப் பார்த்தால் பள்ளி மாணவரே கணக்கிட்டுவிடலாம். தானாகக் கவிழும் வாளியுள்ள மின்னணு மானிகளோ மிகக் கடுமையான மழையில் குறைத்துக் காட்டும். கோடைப் புழுதியும் சருகும் அடைத்துக்கொண்டால் பூஜ்யம் காட்டும். அந்தப் பூஜ்யம் மழையின்மையா, அடைப்பா என்பது அருகில் உள்ள மனிதர் சொன்னால்தான் தெரியும். தமிழ்நாடு அரசு 1400 தானியங்கி மழைமானிகளை அமைக்க எடுத்த முயற்சி வரவேற்கத்தக்கது. அவற்றைச் சரிபார்க்கவும் கையால் அளக்கும் மானிகள் வேண்டும்.

நான்காவது, விடுபட்ட நாட்கள். மழை பெய்த நாளில் மட்டும் எழுதுபவரின் ஏட்டில், வெற்றிடம் எதைக் குறிக்கிறது என்று தெரியாது. அவர் வெளியூர் போயிருக்கலாம். வட்டார வேறுபாட்டை நிறுவ, பெய்யாத ஊரின் பூஜ்யம் பெய்த ஊரின் 50 மி.மீ.க்கு நிகரான சான்று.

இந்த நான்கையும் திருத்தினால், எஞ்சும் அளவீட்டுப் பிழை சிறியது. இரண்டு மானிகளுக்கு நடுவே ஒரு முழு இடிமேகமே பதிவாகாமல் போவதால் வரும் பிழை அதைவிடப் பல மடங்கு பெரியது.

6. தோல் தொழில் பகுதிக்கு இது ஏன் வேண்டும்

மானாவாரி நிலக்கடலைக்குக் கோடை உழவு ஓட்டுபவருக்குத் தன் ஊர் மழைதான் தேவை. குடியாத்தம் பக்கத்து மாந்தோப்பில் காற்றோடு வரும் ஒரே மழை காயை உதிர்த்துவிடும். இவை எல்லா மாவட்டங்களுக்கும் பொது. ராணிப்பேட்டைக்கு உரிய காரணம் வேறு.

உப்பிட்ட தோலை ஊறவைத்த நீரைச் சூரிய ஆவியாக்கப் பாத்திகளில் உலர்த்துவது இந்தத் தொழிலில் நெடுநாள் வழக்கம். ஒரு மி.மீ. மழை ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். 40 மி.மீ. மழை, ஒரு ஹெக்டேர் பாத்தியில் நான்கு லட்சம் லிட்டர் சேர்க்கும். நல்ல வெயில் காலம் என்று நம்பும் மாதங்களிலேயே இது நடக்கிறது.

இதைவிடக் கவலைக்குரியது, மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் வளாகத்தில் தேங்கிய, ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத குரோமியக் கழிவு. நீரில் எளிதில் கரையும் ஆறிணைதிறக் குரோமியம் மழையால்தான் வெளியேறுகிறது. எந்த மழைக்குப் பின் எவ்வளவு கசிந்தது என்று கணக்கிட, அந்த இடத்து மழை அளவு வேண்டும். வாலாஜா மானி பூஜ்யம் காட்டிய மாலையில் அந்த வளாகம் உள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் 30 மி.மீ. பெய்திருந்தால், கிணற்று நீரில் குரோமியம் கூடியதற்குக் காரணம் தேடும் ஆய்வாளர் தவறான முடிவுக்கே வருவார்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று, முன்னெச்சரிக்கைக் கொள்கையும் மாசுபடுத்தியவரே ஈடுசெய்யும் கொள்கையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று தீர்ப்பளித்தது. முன்னெச்சரிக்கைக்கு அளவீடுதான் அடிப்படை. பாலாற்றை ஒட்டி வாழும் மக்கள் தங்கள் தண்ணீர் கெட்ட விதத்தை நிறுவ நெடுங்காலம் போராடியிருக்கிறார்கள். மழையின் அன்றாடக் கணக்காவது அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

முடிவு

தோல் தொழில் பகுதியின் கோடை மழையை மாவட்டச் சராசரியால் விளக்க முடியாது; அடர்த்தியான மானிகள் தேவை. அந்த அடர்த்தியைக் குறைந்த செலவில் தரக்கூடியவர்கள் ஆர்வலர்களே. வாணியம்பாடி முதல் அரக்கோணம் வரையுள்ள கல்லூரிகளும் மேல்நிலைப் பள்ளிகளும் ஒவ்வொரு மானியை மார்ச் 1 முதல் வைத்து, காலை 8.30க்கு அளந்து, மழையில்லா நாளிலும் பூஜ்யம் எழுதி, மாதந்தோறும் ஏட்டைப் பொதுவில் வைக்க வேண்டும். வானிலைத் துறை அந்த ஏடுகளைத் தன் நிலைய அளவுகளோடு ஒப்பிட்டுத் தகுதியானவற்றை ஏற்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நிலத்தடி நீர் ஆய்வு முடிவுகளோடு அருகிலுள்ள மானியின் மழை அளவையும் சேர்த்து வெளியிட வேண்டும். இவை மூன்றும் நடந்தால், இந்தப் பகுதியின் கோடை மழை வரைபடத்தை அங்கே வாழ்பவர்களே வரைந்துவிடுவார்கள்.