அமைச்சரவையும் தலைமைக்குழுவும்: கே.ஆர். கௌரியம்மா

கட்சி அரசியலில் பெண்களின் நிலை பற்றிப் பேச்சு எழும்போது நாம் வழக்கமாகச் சட்டமன்ற, நாடாளுமன்றக் கணக்கைத்தான் எடுத்து வைக்கிறோம். எத்தனை பேருக்கு இடம் தந்தார்கள், எத்தனை பேர் வென்றார்கள் என்பதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. ஆனால் கட்சிக்குள் இன்னொரு படிக்கட்டு உண்டு. அது வாக்காளர் கண்ணில் படுவதில்லை. கேரளத்தின் கே.ஆர். கௌரியம்மாவின் (1919–2021) வாழ்க்கையைப் பார்த்தால் இவ்விரண்டுக்கும் இடையிலான தூரம் விளங்கும்.

சேர்த்தலைக்கு அருகே பட்டணக்காட்டில் ஈழவக் குடும்பமொன்றில் பிறந்து, சட்டம் பயின்று, 1940களின் பிற்பகுதியில் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தவர் அவர். சிறையும் அடியும் கண்டவர். 1957 ஏப்ரலில் அமைந்த ஈ.எம்.எஸ். அமைச்சரவையில் இருந்த ஒரே பெண் அவர்தான். கிடைத்த துறையோ வருவாய்த்துறை. பெண் என்றால் சமூகநலத்துறை என்று ஒதுக்கிவிடும் பழக்கத்தை அக்கட்சி அன்று பின்பற்றவில்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். பதவியேற்ற ஒரு வாரத்துக்குள் குடியானவர்களை நிலத்திலிருந்து வெளியேற்றத் தடைவிதிக்கும் அவசரச் சட்டம் வந்தது. நிலஉறவு மசோதாவை அவையில் முன்னின்று நடத்தியவரும் அவரே. 1959 ஜூலை 31 அன்று ஆட்சி கலைக்கப்பட்டது. 1967இல் மீண்டும் அமைச்சரானார். 1969இல் நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றினார். 1970 ஜனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வந்து ஜன்மி முறை ஒழிந்தபோது அவர் அமைச்சர் பதவியில் இல்லை.

இடையில் 1964இல் கட்சி பிளந்தது. கணவர் டி.வி. தாமஸ் சி.பி.ஐ.யில் நின்றார். கௌரியம்மா சி.பி.எம். பக்கம் வந்தார். இந்தப் பிரிவைக் காதல் சோகமாகவே எழுதிப் பழகிவிட்டோம். அது தீர யோசித்து எடுத்த அரசியல் முடிவு என்று எழுதியவர்கள் குறைவு.

1987 தேர்தலில் கௌரியம்மாதான் முதல்வர் என்ற பேச்சு கேரளமெங்கும் இருந்தது. அதைச் சொல்லும் முழக்கமும் ஊர்தோறும் ஒலித்தது. இடதுசாரிகள் வென்றார்கள். முதல்வரானவர் ஈ.கே. நாயனார். கௌரியம்மாவுக்குக் கிடைத்தது தொழில்துறை.

இங்கேதான் இரண்டாவது படிக்கட்டைப் பார்க்க வேண்டும். முதல்வர் யாரென்பதைக் கட்சிக் குழு முடிவு செய்யும். சட்டமன்ற உறுப்பினர்கள் அதை ஏற்பார்கள். அந்தக் குழு எப்படி அமைகிறது? கிளை, வட்டாரம், மாவட்டம், மாநிலம், மத்தியக் குழு, அரசியல் தலைமைக்குழு என்று ஏறுகிற அமைப்பில், ஒவ்வொரு மாநாட்டிலும் பதவிக்காலம் முடியும் குழுவே அடுத்த குழுவுக்கான பெயர்ப்பட்டியலை முன்வைக்கிறது. எதிர்த்துப் போட்டியிடலாம், விதி தடுக்கவில்லை, வழக்கம் தடுக்கிறது. ஆக, உள்ளே இருப்பவர்கள் தாங்கள் அறிந்தவர்களையே அழைக்கிறார்கள். 1964இல் அமைந்த சி.பி.எம். அரசியல் தலைமைக்குழுவின் ஒன்பது பேரும் ஆண்கள். லட்சம் வாக்குகள் வாங்கினாலும் அந்த அறைக்குள் அவற்றுக்கு எடை கிடையாது.

1994இல் கட்சி அவரை வெளியேற்றியது. ஒழுங்கை மீறினார் என்பது குற்றச்சாட்டு. பாலச்சந்திரன் சுள்ளிக்காடு ‘கௌரி’ என்று ஒரு கவிதை எழுதினார். கௌரியம்மா தனிக்கட்சி தொடங்கி, தாம் வாழ்நாளெல்லாம் எதிர்த்த காங்கிரஸ் அணியில் சேர்ந்து, 2001 முதல் 2006 வரை அமைச்சராக இருந்தார். அரூர்த் தொகுதி அவரைக் கைவிடவில்லை, 2006 வரை. இந்தக் கடைசிக் கட்டத்தை அவருடைய வெற்றி என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

1998இல் பிருந்தா காரத், பெண்களுக்குப் போதிய இடமில்லை என்று எதிர்ப்புத் தெரிவித்து மத்தியக் குழுப் பொறுப்பை ஏற்க மறுத்தார். 2005இல் அவரே தலைமைக்குழுவின் முதல் பெண் உறுப்பினரானார். 2015இல் சுபாஷினி அலி. 2025 ஏப்ரலில் மதுரையில் கூடிய மாநாட்டில் இவ்விருவரும் வயது வரம்பால் விலக, தமிழகத்தின் உ. வாசுகியும் மகாராஷ்டிரத்தின் மரியம் தாவ்லேயும் உள்ளே வந்தார்கள். நால்வருக்கும் பொதுவான ஒன்று நம் கவனத்தைக் கவர்கிறது. நால்வரும் 1981இல் சென்னையில் தொடங்கப்பட்ட அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்தின் பொறுப்புகளில் வளர்ந்தவர்கள். தனக்கென உறுப்பினர்களும் மாநாடுகளும் முழுநேர ஊழியர்களும் கொண்ட அகில இந்திய அமைப்பு அது. கௌரியம்மாவும் மகளிர் சங்கத்திலும் விவசாயிகள் சங்கத்திலும் பொறுப்பு வகித்தவர்தான். ஆனால் கேரள எல்லைக்குள். அவருடைய செல்வாக்கு பெரும்பாலும் தொகுதியிலும் தலைமைச் செயலகத்திலும் திரண்டது.

2021இல் மட்டனூரில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்ற கே.கே. ஷைலஜாவுக்கும் அமைச்சரவையில் இடமில்லாமல் போனது. முதல்வரைத் தவிர மற்ற அனைவரும் புதியவர்கள் என்பது கட்சியின் விதி. ஆண் அமைச்சர்களும் அதில் விலக்கப்பட்டார்கள். விதி பொதுவானது, உண்மை. விலக்குப் பெற்ற ஒருவர் ஆண். அம்முடிவு வெளியானது, கௌரியம்மா 101ஆம் வயதில் மறைந்த அதே மே மாதத்தில். மதுரையில் தேர்வான தலைமைக்குழுவின் பதினெட்டுப் பேரில் பெண்கள் இருவர்.