மெட்டாலிக்கா: ஒரு திராஷ் மெட்டல் குழுவும் அதன் இரசிகர்களும்

மெட்டாலிக்கா என்பது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1981 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ராக் இசைக்குழுவாகும். திராஷ் மெட்டல் என்னும் இசைவகையை உலகறியச் செய்த குழுக்களில் இது முதன்மையானது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து இயங்கிவரும் இக்குழுவின் வரலாற்றை அதன் இரசிகர்களின் வரலாற்றிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. இரசிகர்கள் தமக்குள் இலவசமாகப் படியெடுத்துப் பரிமாறிக்கொண்ட ஒலிநாடாவால் வெளியுலகுக்கு அறிமுகமான குழு இது. பின்னாளில், தன் பாடல்கள் இணையத்தில் இலவசமாகப் பரிமாறப்படுவதை எதிர்த்து நீதிமன்றம் சென்றதும் இதே குழுதான். இந்த இரண்டு நிகழ்வுகளுக்கும் இடைப்பட்ட உறவையே இக்கட்டுரை விளக்குகிறது.

திராஷ் மெட்டல்

1970களின் இறுதியில் பிரித்தானியாவில் ஹெவி மெட்டல் இசையில் ஒரு புதிய அலை எழுந்தது. அதன் கனமான கிதார் ஒலியோடு பங்க் இசையின் வேகமும் சேர்ந்தபோது திராஷ் மெட்டல் பிறந்தது. உள்ளங்கையால் கம்பிகளை மெல்ல அழுத்தி, ஒலியை மட்டுப்படுத்தி, மிக வேகமாக வாசிக்கப்படும் மின்கிதார் இதன் முதல் அடையாளம். இரு கால்களாலும் இடைவிடாது அடிக்கப்படும் பெரிய டிரம் அடுத்த அடையாளம். போர், மரணம், அநீதி, போதைப் பழக்கம் போன்றவை இதன் பாடுபொருள்கள். மெட்டாலிக்கா, மெகாடெத், ஸ்லேயர், ஆந்த்ராக்ஸ் ஆகிய நான்கு குழுக்களும் இவ்வகையின் 'பெரிய நால்வர்' என்று அழைக்கப்படுகின்றன.

தொடக்கம்

குழுவைத் தொடங்கிய லார்ஸ் உல்ரிக் 1963 இல் டென்மார்க்கில் பிறந்தவர். அவருடைய தந்தை டோர்பன் உல்ரிக் பெயர்பெற்ற டென்னிஸ் வீரர். மகனும் டென்னிஸ் பயிற்சிக்காகவே அமெரிக்கா வந்தார். ஆனால் இசைமீது கொண்ட பற்று மேலோங்கியது. 1981 இல் அவர் இங்கிலாந்து சென்று, தமக்குப் பிடித்த டயமண்ட் ஹெட் என்னும் குழுவினரைத் தேடிக் கண்டு, சிறிது காலம் அவர்களோடு தங்கியிருந்தார். ஓர் இசைக்குழுவை நிறுவுவதற்கு முன்னர் உல்ரிக்கே இத்தகைய தீவிர இரசிகராக இருந்தார் என்பது கவனிக்கத்தக்கது.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் விளம்பரப் பத்திரிகை ஒன்றில், தம்மோடு சேர்ந்து வாசிக்க ஆள் தேவை என்று உல்ரிக் விளம்பரம் கொடுத்தார். அதைப் பார்த்து வந்தவர்களுள் ஒருவர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட். பாடகராகவும் கிதார் கலைஞராகவும் அவர் இன்றுவரை குழுவில் நீடிக்கிறார். குழுவின் பெயரும் ஓர் இரசிகரிடமிருந்தே வந்தது. உல்ரிக்கின் நண்பரான ரான் குயின்டானா இரசிகர் இதழ் ஒன்றைத் தொடங்குவதற்காகச் சில பெயர்களை எழுதி வைத்திருந்தார். அவற்றுள் ஒன்றான மெட்டாலிக்காவை உல்ரிக் தம் குழுவுக்கு எடுத்துக்கொண்டார்.

கைமாறிய ஒலிநாடாக்கள்

1982 ஆம் ஆண்டு கோடையில் குழுவினர் 'நோ லைஃப் டில் லெதர்' என்ற மாதிரி ஒலிநாடாவைப் பதிவு செய்தனர். அதில் ஏழு பாடல்கள் இருந்தன. அப்போது குழுவில் டேவ் மஸ்டெய்ன் கிதாரும் ரான் மெக்கவ்னி பேஸ் கிதாரும் வாசித்தனர்.

அக்காலத்தில் இவ்வகை இசையை வானொலி நிலையங்கள் பெரும்பாலும் ஒலிபரப்பவில்லை. பெரிய இசை நிறுவனங்களும் ஆர்வம் காட்டவில்லை. ஆகவே இரசிகர்கள் தாமே ஒரு வழி கண்டனர். தம்மிடமுள்ள ஒலிநாடாக்களின் பட்டியலைக் கடிதத்தில் எழுதி அனுப்புவர். எதிர்முனையில் இருப்பவர் தமக்கு வேண்டியதைக் குறிப்பிட்டு, தம் பட்டியலை அனுப்புவார். பிறகு இருவரும் படியெடுத்து அஞ்சலில் பரிமாறிக்கொள்வர். பணம் கைமாறாது, நாடாவுக்கு நாடா என்பதே கணக்கு. படியெடுக்க ஒரு முழு நாடா ஓடும் நேரம் ஆகும். படியிலிருந்து படி எடுக்க எடுக்க இரைச்சல் கூடும். எனவே இப்பரிமாற்றம் இயல்பாகவே ஓர் எல்லைக்குள் நின்றது. கேட்டுப் பழகியவர் நல்ல பதிவு ஒன்று கடைக்கு வந்தால் அதை வாங்கவே விரும்பினார்.

இவ்வாறு சுற்றிவந்த மெட்டாலிக்காவின் நாடா, நியூ ஜெர்சி மாநிலத்தில் இசைத்தட்டுக் கடை நடத்திய ஜான் ஜாசுலாவின் காதுக்கு எட்டியது. அவரும் மனைவி மார்ஷாவும் குழுவினரைக் கிழக்குக் கரைக்கு வரவழைத்தனர். வேறு நிறுவனங்கள் முன்வராததால் மெகாஃபோர்ஸ் என்ற பதிவு நிறுவனத்தைத் தாமே தொடங்கினர். 1983 சூலையில் முதல் இசைத்தொகுப்பான 'கில் எம் ஆல்' வெளிவந்தது.

அதற்குள் குழுவில் மாற்றங்கள் நிகழ்ந்திருந்தன. பேஸ் கிதார் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் குழுவில் சேர்வதற்காக, மற்றவர்கள் லாஸ் ஏஞ்சலிசை விட்டுச் சான் பிரான்சிஸ்கோ பகுதிக்கே குடிபெயர்ந்தனர். 1983 ஏப்ரலில் மஸ்டெய்ன் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். அவருக்குப் பதிலாக எக்சோடஸ் குழுவின் கிர்க் ஹாமெட் வந்தார். நீக்கப்பட்ட மஸ்டெய்ன் தொடங்கிய குழுவே மெகாடெத்.

வளர்ச்சியும் இழப்பும்

இரண்டாவது தொகுப்பான 'ரைட் த லைட்னிங்' 1984 இல் வெளிவந்தது. அதே ஆண்டு எலெக்ட்ரா என்னும் பெரிய நிறுவனம் குழுவை ஒப்பந்தம் செய்தது. 1986 மார்ச்சில் வெளிவந்த 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' இவ்வகை இசையின் உச்சமாக இன்றும் பலராலும் மதிக்கப்படுகிறது.

அந்த ஆண்டே பேரிழப்பு நேர்ந்தது. 1986 செப்டம்பர் 27 அதிகாலையில், சுவீடனில் குழுவினர் பயணம் செய்த பேருந்து சாலையில் கவிழ்ந்தது. கிளிஃப் பர்ட்டன் உயிரிழந்தார். அவருக்கு வயது 24. விபத்து நிகழ்ந்த இடத்துக்கு அருகில் பின்னர் ஒரு நினைவுக் கல் நாட்டப்பட்டது. பல நாட்டு இரசிகர்களும் இன்றும் அங்குச் சென்று மரியாதை செலுத்துகின்றனர்.

பர்ட்டனின் இடத்தில் ஜேசன் நியூஸ்டெட் சேர்ந்தார். அவர் பங்கேற்ற முதல் வெளியீடு 1987 இல் வந்த ஒரு சிறு தொகுப்பு. கடைக்காரர்கள் இரசிகர்களிடம் கூடுதல் விலை வாங்கக் கூடாது என்பதற்காக, 5.98 டாலர் என்ற விலையையே அதன் தலைப்பின் பகுதியாக அச்சிட்டனர். இரசிகர்கள்மீது குழு அக்காலத்தில் கொண்டிருந்த அக்கறைக்கு இது நல்ல சான்று.

இரசிகர்களின் கேள்விகள்

மெட்டாலிக்கா இரசிகர்களை அவர்களின் தோற்றத்தைக் கொண்டே அடையாளம் காணலாம். கறுப்புச் சட்டை, குழுக்களின் பெயர் பொறித்த துணி ஒட்டுகளைத் தைத்த கையில்லா ஜீன்ஸ் மேல்சட்டை ஆகியவை வழக்கமான உடை. கச்சேரிகளில் மேடைக்கு முன்னுள்ள திறந்த இடத்தில் ஒருவரோடொருவர் மோதி ஆடுவதும், அதில் விழுந்தவரை உடனே தூக்கி நிறுத்துவதும் இவ்விசை உலகின் வழக்கம். பாடலின் சொற்களை மட்டுமன்றி, கிதார் இசையையும் பல்லாயிரவர் வாய்விட்டுப் பாடுவதுண்டு.

இந்த இரசிகர்கள் குழுவைக் கேள்வி கேட்கவும் தயங்கியதில்லை. 1988 இல் வந்த 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' தொகுப்பில் நியூஸ்டெட்டின் பேஸ் கிதார் ஏறத்தாழக் கேட்கவே இல்லை என்பது நெடுநாள் குறை. சில இரசிகர்கள் தாமே அதைக் கூட்டித் தனிப் பதிவுகள் செய்து பரப்பினர். அத்தொகுப்பின் 'ஒன்' பாடலுக்குக் குழு முதன்முதலாகக் காணொளி எடுத்தபோது, கொள்கையை விற்றுவிட்டதாகச் சிலர் குற்றம் சாட்டினர்.

1991 ஆகஸ்டில் குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட ஐந்தாவது தொகுப்பு வெளிவந்தது. அட்டையின் நிறத்தால் இது 'கறுப்புத் தொகுப்பு' என்று அழைக்கப்படுகிறது. தயாரிப்பாளர் பாப் ராக்கின் துணையோடு குழுவினர் வேகத்தைக் குறைத்து, பாடல்களைச் சுருக்கி, எளிமையாக்கினர். அமெரிக்காவில் மட்டும் இத்தொகுப்பு 1.6 கோடிக்கும் மேற்பட்ட படிகள் விற்றது. புதிய இரசிகர்கள் பெருகினர். பழைய இரசிகர்களில் ஒரு சாரார் மனம் வருந்தினர். 1996 இல் 'லோட்' தொகுப்போடு குழுவினர் தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டு தோன்றியபோது அவ்வருத்தம் கோபமாயிற்று.

எனினும் இக்காலத்தில் குழு தன் பழைய நாடாக்களை மறந்துவிடவில்லை. கச்சேரிகளைத் தம் கருவிகளில் பதிவுசெய்து, வணிக நோக்கமின்றிப் பரிமாறிக்கொள்ள இரசிகர்களுக்கு அது அனுமதி தந்தது. இசைத்துறையில் அவ்வளவாகக் காணப்படாத சலுகை இது.

நாப்ஸ்டர் வழக்கு

1999 இல் ஷான் ஃபானிங் என்ற இளைஞர் நாப்ஸ்டர் என்னும் மென்பொருளை வெளியிட்டார். ஒருவர் தம் கணினியிலுள்ள பாடல் கோப்புகளை முன்பின் அறியாத பிறருடன் இணையம் வழியே பகிர்ந்துகொள்ள அது உதவியது. 2000 ஆம் ஆண்டில், 'மிஷன்: இம்பாசிபிள் 2' திரைப்படத்துக்காக மெட்டாலிக்கா உருவாக்கி வந்த 'ஐ டிஸப்பியர்' பாடலின் முற்றுப்பெறாத வடிவம் வானொலிகளில் ஒலித்தது. அது எங்கிருந்து கசிந்தது என்று தேடியபோது, குழுவின் பாடல்கள் பலவும் நாப்ஸ்டரில் கிடைப்பது தெரியவந்தது.

2000 ஏப்ரல் 13 அன்று குழு வழக்குத் தொடுத்தது. மே 3 அன்று, தங்கள் பாடல்களைப் பகிர்ந்த 3,35,435 பயனர்பெயர்கள் அடங்கிய பட்டியலை உல்ரிக் பெட்டி பெட்டியாக நாப்ஸ்டர் அலுவலகத்தில் நேரில் ஒப்படைத்தார். அதன் விளைவாக மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் கணக்குகள் முடக்கப்பட்டன. சூலையில் அவர் அமெரிக்க மேலவைக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார்.

உல்ரிக்கின் வாதம் தெளிவானது. தம் படைப்பை எப்போது, எப்படி, யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்யும் உரிமை படைத்தவருக்கே உண்டு. தங்களிடம் யாரும் கேட்கவில்லை என்பது அவர் தரப்பு. எதிர்த்தரப்பு இரசிகர்களின் வாதமும் புறக்கணிக்கத்தக்கதன்று. இலவசப் படிகளால் வளர்ந்த குழு, அதே செயலுக்காக இரசிகர்களைப் பட்டியலிடுவது நன்றி மறந்த செயல் என்றனர் அவர்கள். அவ்வாண்டு எம்டிவி விருது விழாவில் உல்ரிக்கைக் கண்டு கூட்டம் கூச்சலிட்டது. ஃபானிங்கோ மெட்டாலிக்கா பெயர் பொறித்த சட்டையணிந்து மேடையேறினார்.

இரு நிகழ்வுகளும் ஒன்றல்ல. 1982 இல் நாடாவைப் பரப்பியவர்கள் குழுவின் விருப்பத்தோடு பரப்பினர். ஒவ்வொரு படிக்கும் நேரமும் அஞ்சல் செலவும் உழைப்பும் தேவைப்பட்டன. 2000 இல் ஒரு சொடுக்கில், தரம் பெரிதும் குன்றாத படிகள் கணக்கின்றிப் பெருகின. ஆயினும் தம் சேகரிப்பிலுள்ள பாடலைப் பிறருக்குக் கொடுக்கும் இரசிகரின் மனநிலை இரண்டிலும் ஒன்றே. அந்த மனநிலையைக் குற்றமாகப் பட்டியலிட்டதுதான் இரசிகர்களைக் காயப்படுத்தியது. 2001 சூலையில் வழக்கு சமரசத்தில் முடிந்தது.

வழக்குக்குப் பின்

2001 இல் நியூஸ்டெட் விலகினார். ஹெட்ஃபீல்ட் மதுப் பழக்கத்திலிருந்து மீளச் சிகிச்சை பெற்றார். 2003 இல் பேஸ் கிதார் கலைஞராக ராபர்ட் துருஹியோ சேர்ந்தார். குழுவினரின் அக்காலச் சண்டைகளை மறைக்காமல் காட்டும் 'சம் கைண்ட் ஆஃப் மான்ஸ்டர்' ஆவணப்படம் 2004 இல் வெளிவந்தது. அதே ஆண்டு குழுவே தன் கச்சேரிப் பதிவுகளை இணையத்தில் விற்கத் தொடங்கியது. இரசிகர்கள் விரும்புவது என்ன என்பதை நாப்ஸ்டர் காட்டியிருந்தது. அதைத் தானே முறைப்படி வழங்கக் குழு முன்வந்தது.

2008 இல் 'டெத் மேக்னெட்டிக்' வெளிவந்தபோது, ஒலி அளவுக்கு மீறி உயர்த்தப்பட்டுச் சிதைந்திருப்பதாக ஆயிரக்கணக்கானோர் மனுவில் ஒப்பமிட்டனர். 2009 இல் ராக் அண்ட் ரோல் புகழ்க் கூடத்தில் குழு இடம்பெற்றது. 2010 சூன் 16 அன்று போலந்தின் வார்சா நகரில் 'பெரிய நால்வர்' முதன்முறையாக ஒரே மேடை நிகழ்ச்சியில் வாசித்தனர்.

2012 இல் குழு தன் சொந்தப் பதிவு நிறுவனத்தைத் தொடங்கியது. அவ்வாண்டு திசம்பரில் ஸ்பாட்டிஃபை சேவையில் தன் பாடல்களை வெளியிட்டது. அந்த அறிவிப்பு விழாவில் உல்ரிக்கோடு மேடையில் நின்றவர், நாப்ஸ்டர் நிறுவனர்களுள் ஒருவரும் அப்போது ஸ்பாட்டிஃபையின் முதலீட்டாளருமான ஷான் பார்க்கர். 2013 திசம்பர் 8 அன்று அண்டார்க்டிகாவில் குழு வாசித்தது. சுற்றுச்சூழலைக் கருதி ஒலிபெருக்கிகள் தவிர்க்கப்பட்டன; பார்வையாளர்கள் ஹெட்ஃபோன் அணிந்து கேட்டனர்.

இந்தியாவில்

2011 அக்டோபர் 28 அன்று தில்லிக்கு அருகிலுள்ள குர்கானில் நடக்கவிருந்த கச்சேரி, பாதுகாப்புக் காரணங்களால் நிறுத்தப்பட்டது. நெடுநேரம் காத்திருந்த கூட்டத்தில் சிலர் தடுப்புகளைக் கடந்து மேடையைச் சேதப்படுத்தினர். இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 30 அன்று, பெங்களூர் அரண்மனை மைதானத்தில் கச்சேரி நடைபெற்றது. குழு இந்திய மண்ணில் வாசித்த முதல் நிகழ்ச்சி அதுவே.

மதிப்பீடு

2022 இல் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' பாடல் ஒலித்தபோது, அது பதிவானபோது பிறந்திராத ஒரு தலைமுறை மெட்டாலிக்காவைத் தேடிக் கேட்டது. 2023 இல் '72 சீசன்ஸ்' தொகுப்பு வெளிவந்தது. அதையொட்டிய பயணத்தில் ஒரே நகரில் இரண்டு இரவுகள், ஒரு பாடலும் திரும்ப வராமல் குழு வாசித்தது. இருநாளும் வரும் இரசிகரை மனத்திற்கொண்டு அமைத்த ஏற்பாடு இது.

மெட்டாலிக்காவின் வரலாறு படிப்போருக்கு உணர்த்துவது ஒன்றுண்டு. படைப்பாளியின் உரிமையும் இரசிகரின் பற்றும் இரண்டும் நியாயமானவை. தொழில்நுட்பம் மாறும்போது அவற்றுக்கிடையிலான எல்லையை மீண்டும் வகுக்க வேண்டியுள்ளது. அந்த எல்லையை வகுக்கும் முயற்சியில் குழு இரசிகர்களின் வெறுப்பைச் சம்பாதித்தது. இரசிகர்களும் குழுவை விட்டுவிடவில்லை. 2015 இல் 'நோ லைஃப் டில் லெதர்' ஒலிநாடாவைக் குழுவே முறைப்படி வெளியிட்டது. முப்பத்து மூன்று ஆண்டுகள் இரசிகர்களின் படிகளில் வாழ்ந்த அந்த ஒலிநாடா, அப்போதுதான் விலைக்கு வாங்கும் பொருளாகக் கடைக்கு வந்தது.