பவளத் தொட்டி விளக்கு: இ.எல்.என்.னா, எல்.டி.டி.யா?

உயிருள்ள பவளம் வளர்க்கும் தொட்டிக்கு எல்.இ.டி. விளக்கை வீட்டிலேயே செய்ய இறங்குபவர்கள் எத்தனை நீலம், எத்தனை வெள்ளை, எந்த லென்ஸ் என்று நாள்கணக்கில் கணக்குப் போடுவார்கள். அந்த எல்.இ.டி.களுக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் டிரைவர் அவர்களுக்குக் கடைசியில்தான் ஞாபகம் வரும். ஆனால் விளக்கின் குணத்தைத் தீர்மானிப்பது டிரைவர்தான். நண்பகல் வெளிச்சத்தில் எல்லா டிரைவரும் ஒன்றுபோலத்தான் தெரியும். வெளிச்சம் பத்து சதவீதத்துக்குக் கீழே இறங்கும் காலையிலும் மாலையிலும்தான் வேறுபாடு தெரியவரும்.

ஒப்பிட இரண்டை எடுத்துக்கொள்கிறேன். இரண்டுமே தைவானைச் சேர்ந்த மீன்வெல் நிறுவனத்தின் தயாரிப்பு. 2010 வாக்கில் அமெரிக்கப் பவள வளர்ப்பாளர்கள் பலர் 250, 400 வாட் மெட்டல் ஹாலைடு பல்புகளைக் கைவிட்டு, தாங்களே சால்டர் செய்த எல்.இ.டி. விளக்குகளுக்கு மாறினார்கள். அப்போது அவர்களிடம் அதிகம் புழங்கிய டிரைவர் இ.எல்.என்-60-48. அதன் இடத்தைச் சில ஆண்டுகளில் பிடித்தது எல்.டி.டி. வரிசை.

இ.எல்.என். வீட்டு மின்சாரத்திலேயே நேராக இயங்கும் 60 வாட் பெட்டி. ஒரு பெட்டிக்கு ஒரு வரிசையாகப் பன்னிரண்டு எல்.இ.டி.களைத் தொடர் இணைப்பில் ஓட்டலாம். உள்ளே இருக்கும் சிறிய திருகைத் திருப்பி மின்னோட்டத்தை விரும்பிய அளவில் வைத்துக்கொள்ளலாம். இது வசதிதான், ஆனால் ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. பெட்டியின் முழு அளவு 1.3 ஆம்பியர். அன்று பலர் வாங்கிய க்ரீ எக்ஸ்.ஆர்-இ எல்.இ.டி. தாங்குவது 1 ஆம்பியர். அதனால் மல்டிமீட்டரை வரிசையில் இணைத்து, திருகைக் குறைத்த பிறகே முழு வெளிச்சத்துக்கு ஏற்ற வேண்டும்.

எல்.டி.டி. தீப்பெட்டியைவிடச் சிறியது. 48 வோல்ட் டி.சி. சப்ளை ஒன்றை வாங்கி, அதிலிருந்து பல எல்.டி.டி.களுக்கு மின்சாரம் கொடுக்கலாம். மின்னோட்டம் தொழிற்சாலையிலேயே நிர்ணயிக்கப்பட்டது, எல்.டி.டி-700ஹெச் என்றால் 700 மில்லிஆம்பியர். உள்ளே வரும் வோல்ட், எல்.இ.டி. வரிசைக்கு வேண்டியதைவிட 3 வோல்ட்டாவது கூடுதலாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். உப்புத் தண்ணீர்ப் பக்கத்தில் நாலு இடத்தில் வீட்டு மின்சாரத்தைக் கொண்டுபோகாமல், ஒரே பெட்டியோடு ஸ்டாண்டுக்குக் கீழே நிறுத்திவிடலாம் என்பது பெரிய நிம்மதி. அந்த ஒரு சப்ளை போனால் தொட்டி முழுக்க இருட்டாகும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இனி விடியலைப்போல வெளிச்சத்தை மெல்ல ஏற்றுவதற்கு வருவோம். இ.எல்.என்.னின் டி வகை 1 முதல் 10 வோல்ட் வரையிலான கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தைக் கேட்கும். பி வகை, வேகமாக விட்டுவிட்டு வரும் 10 வோல்ட் துடிப்பைக் கேட்கும். வெளிச்சத்தை நிரலால் கட்டுப்படுத்த வைக்கும் சிறு கணினிப் பலகையான அர்டுயினோ உனோ தருவது 5 வோல்ட். ஆகவே இடையில் ஒரு டிரான்சிஸ்டர் சுற்று வேண்டும். அதையும் கட்டி முடித்தாலும், டி வகை பத்து சதவீதத்தை ஒட்டி அணைந்துபோகும். நான்கு பெட்டிகள் இருந்தால் நான்கும் ஒரே புள்ளியில் அணையாது. தொட்டியின் ஒரு பக்கம் விடிந்திருக்கும், மறுபக்கம் இருட்டாகவே இருக்கும்.

எல்.டி.டி. அர்டுயினோவின் துடிப்பை நேராகவே ஏற்கும். பெரும்பாலான பின்களில் உனோ தரும் வேகம் நொடிக்கு 490 துடிப்பு, எல்.டி.டி.க்கு ஏற்றது 100 முதல் 1000 வரை. ஆனால் வெளிச்சத்தை ஏற்ற உனோவுக்கு இருப்பது 256 படிகள் மட்டுமே. முதல் படியிலிருந்து இரண்டாவதுக்கு ஏறும்போதே வெளிச்சம் இரட்டிப்பாகிவிடும். கண்ணுக்கு அது குதிப்பாகத் தெரியும். பி.சி.ஏ.9685 சில்லைச் சேர்த்தால் 4096 படிகள் கிடைக்கும். குதிப்பு போய், வெளிச்சம் சீராக ஏறும்.

எல்.டி.டி.யின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. அதன் டிம் ஒயர் எதிலும் இணையாமல் தொங்கினால், முழு வெளிச்சம் என்று எடுத்துக்கொள்ளும். அர்டுயினோ விழித்தெழும் அந்தக் கணத்தில் பின்கள் மிதந்துகொண்டிருக்கும். ராத்திரி கரண்ட் போய் வந்தால், தூங்கும் மீன்கள்மேல் முழு வெளிச்சமும் பளீரென்று அடிக்கும். டிம் ஒயரை ஒரு ரெசிஸ்டர் வழியாக கிரவுண்டோடு இணைத்தால் இது தீரும். சில காசு விலையுள்ள இந்தப் பொருளை விட்டுவிடவே கூடாது.

மங்கிய வெளிச்சத்துக்கு இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டுமா என்று கேட்பார்கள். பவளத்தின் திசுவில் வாழும் நுண்பாசிக்கு நீல ஒளிதான் முக்கிய உணவு. அதைப் பகலில் எந்த டிரைவரும் கொடுத்துவிடும். பவளமோ இரவையும் கவனிக்கிறது. நிலவொளிக்கு எதிர்வினை காட்டும் கிரிப்டோகுரோம் மரபணுக்கள் பவளத்தில் இருப்பதை 2007இல் அறிவியலாளர்கள் வெளியிட்டார்கள். ஃபுளோரிடா அக்வேரியம் 2019இல் தூண் பவளத்தை ஆய்வகத்திலேயே பாலணுக்களை வெளியிடச் செய்தது. லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தோடு சேர்ந்து செய்த அந்த வேலையில், சூரியனையும் நிலவையும் எல்.இ.டி.யால் போலச் செய்தார்கள்.

முழுநிலவின் ஒளி, வெயிலில் ஏறக்குறைய நான்கு லட்சத்தில் ஒரு பங்கு. 4096 படிகளும் அந்த ஆழத்துக்கு இறங்காது. எனவே எந்த டிரைவரை வைத்தாலும், நிலவுக்கென்று ஓரிரு எல்.இ.டி.களைத் தனிச் சானலில் வையுங்கள்.

புதிதாகச் செய்பவருக்கு என் தீர்ப்பு எல்.டி.டி.தான்: பி.சி.ஏ.9685, நேரம் தவறாத டி.எஸ்.3231 கடிகாரச் சில்லு, ஒவ்வொரு டிம் ஒயருக்கும் ஒரு ரெசிஸ்டர். ஏற்கெனவே இ.எல்.என்.னில் ஓடும் விளக்கு வைத்திருப்பவர் அதைக் கழற்ற வேண்டாம். பெட்டிகள் எந்த இடத்தில் எரியத் தொடங்குகின்றன என்று தனித்தனியாக அளந்து, நிரலில் ஒவ்வொன்றுக்கும் அந்தத் தொடக்கப் புள்ளியை எழுதிவிட்டால் போதும்.