நீட்டிய கம்பியும் நின்ற காட்சியும்



வெளிமாநிலங்களில் குடியேறிய நம்மவர் இல்லங்களில், ஞாயிறு மாலை என்பது ஊரிலுள்ள பெற்றோரைக் கணிப்பொறித் திரையில் கண்டு பேசும் வேளை. சில ஆண்டுகளுக்கு முன் அடியேனும் அவ்வாறு பேச அமர்ந்தேன். கணிப்பொறி ஒரு மூலையில். குடும்பத்தார் அனைவரும் உட்காரத்தக்க இடம் எதிர்மூலையில். காமிராவின் கம்பி எட்டவில்லை. மூன்று மீட்டர் நீட்டிப்புக் கம்பிகள் இரண்டை வாங்கி ஒன்றோடொன்று கோத்தேன். எங்கள் குரல் அம்மாவை எட்டியது, முகங்கள்தாம் எட்டவில்லை. காமிரா இருப்பதையே கணிப்பொறி உணரவில்லை.

இத்தொல்லை கணிப்பொறியோடு பிறந்ததன்று. 1858ஆம் ஆண்டு ஆகஸ்டில் அட்லாண்டிக் மாகடலின் அடியில் முதல் தந்திக் கம்பி இடப்பட்டது. விக்டோரியா அரசியார் அமெரிக்கக் குடியரசுத் தலைவருக்கு விடுத்த 98 சொற்கள் போய்ச் சேர ஏறத்தாழ 16 மணி நேரம் ஆயிற்று. கடலடிக் கம்பியின் நீளம் இருமடங்கானால் குறிகளின் தாமதம் நான்கு மடங்காகும் என்று வில்லியம் தாம்சன் என்ற விஞ்ஞானி முன்னரே கணக்கிட்டிருந்தார். பொறுப்பிலிருந்த ஒயிட்ஹவுஸ் அதை ஏற்கவில்லை. சுமார் 2,000 வோல்ட் மின்னழுத்தத்தைச் செலுத்திப் பார்த்தார். சில வாரங்களில் கம்பி ஊமையாயிற்று. 1866இல்தான் நிலையான தொடர்பு கிட்டியது; 1870இல் பம்பாயும் கடல்வழித் தந்தியால் லண்டனோடு இணைந்தது.

கணிப்பொறியின் காலத்திலும் நீளத்துக்கு வரம்பு இருந்தது. 1969இல் திருத்தி வெளியிடப்பெற்ற ஆர்.எஸ். 232 விதிமுறை, சுமார் 50 அடிக்கு மேல் வேண்டாம் என்றது. அதன்பின் அச்சுப்பொறிக்கு ஒரு துளை, விசைப்பலகைக்கு ஒரு துளை எனப் பெருகிய குழப்பத்தைத் தீர்க்க எழுந்ததே யு.எஸ்.பி. ஏழு நிறுவனங்கள் கூடி உருவாக்கிய அதன் முதல் விதிமுறை 1996 ஜனவரியில் வெளிவந்தது. அப்பணியில் முன்னின்றவர் அஜய் பட். பரோடாவின் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். அந்நகரில் வாழும் நேயர்கள் சற்றே பெருமை கொள்ளலாம்! வீட்டில் அச்சுப்பொறியை இணைக்கப் பட்ட பாடே தமக்குத் தூண்டுகோல் என்று அவர் கூறியிருக்கிறார்.

இந்த ஏற்பாட்டில் கணிப்பொறி கேட்கும். கருவி விடை சொல்லும். கேட்டவர் காத்திருப்பது ஒரு நொடியின் பத்து லட்சம் பங்குகளில் சுமார் ஒன்றரைப் பங்கே. அதற்குள் விடை வராவிடில் விடையே இல்லை என்று முடிவு கட்டப்படும். மின்குறி ஒவ்வொரு மீட்டரைக் கடக்கவும் சிறிது நேரம் பிடிக்கிறது. இடையில் வைக்கும் ஒவ்வொரு ஹப்பும் தன் பங்குக்குத் தாமதம் சேர்க்கிறது. ஆகவேதான் ஒரு கம்பிக்கு ஐந்து மீட்டர், ஒரு தொடரில் ஐந்து ஹப்புகள் என்று வகுத்தார்கள். கம்பி நீள நீளக் குறியும் மங்குகிறது. ஐந்து வோல்ட் மின்சாரமும் மெல்லிய செம்புக் கம்பியில் வழியிலேயே தேய்கிறது. மணிக்கணக்கில் பொறுமை காட்டிய அட்லாண்டிக் தந்தியோடு ஒப்பிட்டால் இது மிகவும் அவசரக்காரர் உரையாடல்! 2008இல் வந்த மூன்றாம் பதிப்பில் வேகம் பெருகிற்று. சாதாரணச் செம்புக் கம்பியின் நடைமுறை எல்லை மூன்று மீட்டரளவாகச் சுருங்கிற்று.

கடைகளில் தாராளமாக விற்கும் வெறும் நீட்டிப்புக் கம்பியை, 2000ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பு விதிமுறை வெளிப்படையாகவே விலக்குகிறது. ஏற்கெனவே ஐந்து மீட்டர் நீண்ட கம்பியோடு இன்னொன்றைச் சேர்ப்பவரைத் தடுப்பார் யார் என்பதே அதன் அச்சம். என் எட்டு மீட்டர்க் கோவை அதற்குச் சரியான சாட்சி. இன்று கிடைக்கும் மற்றொரு வகையில், கம்பியின் நுனியிலேயே சிறு மின்சுற்று ஒன்று அமைந்திருக்கும். அது நலிந்த குறியைப் புதுப்பித்து அனுப்புகிறது. உண்மையில் அதுவும் ஒரு ஹப்பே.

விலை சற்று அதிகம்தான், வாங்கினேன். மறு ஞாயிறு திரையில் எங்களைக் கண்டதும் அம்மா கேட்ட முதற் கேள்வி, பேரன் ஏன் இப்படி இளைத்துவிட்டான் என்பதே.