அடக்கம் பெறாதவர்களின் எலும்புகள்

மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு படிக்கும் மாணவன் இன்று ஒவ்வொன்றாய்க் கையிலெடுத்துப் பெயர் சொல்லி, இது இடப்பக்கத்தது, இது வலப்பக்கத்தது என்று பிரித்துக் காட்டுகிறானே, அந்த 206 எலும்புகளைப் பற்றிய ஞானம் மனித குலத்துக்கு எளிதில் வாய்த்துவிடவில்லை. தாமாக மனமுவந்து எவரும் தராத சரீரங்களிலிருந்து, பெரும்பாலும் ஈமக் கடன் செய்வாரின்றிக் கிடந்த உடல்களிலிருந்து, அச்சத்தோடும் ஆர்வத்தோடும் அது சேகரிக்கப்பட்டது.

கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ரோமாபுரிச் சக்கரவர்த்திகளுக்கு வைத்தியராக விளங்கிய கேலன், தொடக்க மாணாக்கருக்கென்றே எலும்புகளைப் பற்றித் தனிக் கிரந்தம் எழுதியவர். கூடாரத்துக்குக் கழிகள் எப்படியோ அப்படியே பிராணிகளுக்கு எலும்பு என்பது அவர் கொள்கையாதலால், எலும்பைக் கல்லாதவன் வைத்தியமே கல்லாதவன் என்று வற்புறுத்தினார். ஆனால் மனித உடலை அறுத்துப் பார்ப்பதை அக்காலத்து வழக்கம் அனுமதிக்கவில்லை. அலெக்ஸாந்திரியா நகரத்து ஆசிரியர்கள் மட்டும் மெய்யான மனித எலும்பைக் காட்டிப் பாடம் சொல்லிவந்தமையால், அதன்பொருட்டேனும் ஒருமுறை அந்நகருக்குப் போய்வாருங்கள் என்று மாணாக்கரைத் தூண்டினார். அவரே எலும்புக்கூட்டை முழுமையாகக் கண்ட இரு சந்தர்ப்பங்களைக் குறித்து வைத்திருக்கிறார். ஒன்று, வெள்ளம் பெருகிக் கல்லறையை இடித்து ஆற்றோடு அடித்துவந்த பிணம். மற்றொன்று, வழிப்போக்கன் ஒருவனால் கொல்லப்பட்டு, ஊரார் வெறுத்துப் புதைக்காமல் விட்டு, பறவைகள் தின்று தீர்த்த கொள்ளைக்காரன் உடல். இவை போன்ற தற்செயல் வாய்ப்புகள் போக, மற்றதைப் பெரும்பாலும் அவர் குரங்கு முதலிய விலங்குகளை அறுத்தே கற்றார். குரங்கைக் கண்டு எழுதியவை மனிதனுக்கும் பொருந்துமென்றே 1,300 ஆண்டுகள் உலகம் நம்பி வந்தது.

அந்த நம்பிக்கையை அசைத்தவர், 1514-இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் பிறந்த ஆந்திரேயாஸ் வெசாலியஸ். பாரிஸில் மாணவராக இருந்த நாட்களில் அவரும் தோழர்களும் இடுகாட்டில் குவிந்து கிடந்த எலும்புகளிடையே நெடுநேரம் இருந்து பழகினார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு, கையில் கொடுக்கப்படும் எலும்பு எதுவாயினும் தொட்டுணர்வினாலேயே இன்னதென்று சொல்வதாகப் பந்தயம் கட்டுமளவுக்கு அப்பழக்கம் முதிர்ந்தது. கல்வியின் மீது இத்தகைய காதல் கொண்டவர்களை நான் மிகவும் மதிக்கிறேன். ஏட்டில் படித்ததைக் கண் மறந்தாலும், விரல் நுனியில் ஏறியது மறப்பதில்லை.

1536-இல் யுத்தம் காரணமாகப் பாரிஸை விட்டு லூவென் நகருக்கு வந்தபோது நிகழ்ந்ததை வெசாலியஸ் தம் நூலிலேயே ஒளிக்காமல் விவரிக்கிறார். நண்பர் ஜெம்மா ஃப்ரீசியஸுடன் ஊருக்கு வெளியே, மரண தண்டனை பெற்றோரின் உடல்களைக் காட்சிக்கு வைக்கும் இடத்துக்கு அவர் சென்றார். அங்கே கழுமரத்தில் கட்டப்பட்டிருந்த ஒரு கள்வனின் உடல், பறவைகளால் சதையெல்லாம் கொத்தித் தின்னப்பட்டு, தசைநார்கள் மட்டுமே பிணித்து நிற்க, எலும்புக்கூடாய்க் காய்ந்திருந்தது. நண்பர் கைகொடுக்க மரத்திலேறித் தொடையெலும்பை இடுப்பிலிருந்து இழுத்தார். தோளெலும்புகளும் கைகளோடு கழன்று வந்தன. அவற்றைப் பலமுறை நடந்து இரகசியமாக வீடு சேர்த்தபின், சங்கிலியால் இறுகக் கட்டியிருந்த மார்புக்கூட்டை எடுப்பதற்காக, அந்தியில் கோட்டைக் கதவு மூடுமுன் உள்ளே திரும்பாமல் வெளியிலேயே தங்கிவிட்டார். நள்ளிரவில், பிணங்கள் சூழ நின்ற அவ்விடத்தில், தன்னந்தனியே மரத்திலேறிச் சங்கிலியை அவிழ்த்தார். ஒரு கையின் விரல்களும், முழங்கால் சில்லுகள் இரண்டும், ஒரு பாதமும் அதில் இல்லை. அக்குறையை வேறிடத்திலிருந்து நிரப்பிக்கொண்டார். ஊரில் கேட்டவர்களுக்குப் பாரிஸிலிருந்து கொண்டுவந்தது என்று சொல்லிவைத்தார்.

எலும்பைக் கோப்பதும் அந்நாளில் ஒரு தனித் தொழில். சுண்ணாம்பு நீறிட்ட பெட்டியில் உடலை வைத்து, பின்னர் ஓடும் நீரில் பலநாள் இட்டுச் சதையைக் களைவது பழைய முறை. அதனால் மூட்டுகளின் நுட்பம் மறைந்துபோவதைக் கண்ட வெசாலியஸ், பெரிய கொப்பரையில் வேகவைத்து, மிதக்கும் கொழுப்பை வடித்து, ஒவ்வொரு எலும்பையும் தனித்தனியே சுரண்டித் தூய்மைசெய்து, துளையிட்டுக் கம்பியால் பிணைக்கும் முறையை விரிவாக எழுதினார். ஓர் எலும்பின் குமிழ் மற்றதன் குழியில் எங்ஙனம் பொருந்தித் திரும்புகிறது, முதுகின் 24 தனி முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்பட்டுத் தண்டுவடத்தைக் காத்துக்கொண்டே குனியவும் நிமிரவும் எவ்வாறு இடந்தருகின்றன என்பதெல்லாம், இப்படிக் கோத்து நிறுத்திய கூட்டின் முன் நின்றாலன்றி விளங்கா.

1537-இன் இறுதியில் பாதுவா சர்வகலாசாலையில் ஆசிரியரான அவர், 1540-இல் பொலோனா நகரில் மனித எலும்புக்கூட்டையும் குரங்கின் எலும்புக்கூட்டையும் தம் கையாலேயே கோத்தார். குரங்கின் முள்ளெலும்பில் கேலன் வர்ணித்த ஒரு சிறு நீட்சி இருந்தது. மனிதனிடம் அது இல்லை. சந்தேகம் உறுதியாயிற்று. கேலன் இரண்டென்ற கீழ்த்தாடை மனிதனுக்கு ஒரே எலும்பு. ஏழு துண்டென்ற மார்பெலும்பு மூன்றே துண்டு. ஆதாமின் விலாவிலிருந்து ஏவாள் பிறந்தமையால் ஆணுக்கு ஒரு விலா குறைவு என்று பரவியிருந்த எண்ணத்தையும் விலக்கி, இருபாலார்க்கும் பக்கத்துக்குப் பன்னிரண்டே என்று எண்ணிக் காட்டினார். 1543-இல் பாசல் நகரில் ஒபோரீனஸ் அச்சிட்டு வெளியிட்ட அவருடைய பெருநூலின் ஏழு பாகங்களில் முதற்பாகம் எலும்புக்கும் குருத்தெலும்புக்கும் உரியது. பாரிஸில் அவருக்குப் பாடம் சொன்ன சில்வியஸோ, தவறு கேலனிடம் இல்லை, அவர் காலத்துக்குப் பின் மனித உடலே மாறிவிட்டது என்று வாதிட்டார். கண்ணெதிரே கிடக்கும் பிரத்தியட்சத்தைவிடப் பழைய ஏட்டை நம்பும் மனோபாவத்துக்கு இதனினும் வருந்தத்தக்க சான்று வேண்டுவதில்லை.

நூல் அச்சிலிருந்த சமயம் பாசலில், மனைவியைக் கொல்ல முயன்ற யாகோப் காரர் என்பவன் சிரச்சேதம் செய்யப்பட்டான். வெசாலியஸ் அவ்வுடலைப் பலர் முன்னிலையில் அறுத்துக் காட்டி, எலும்புகளைக் கோத்து அவ்வூர்ச் சர்வகலாசாலைக்கு அளித்தார். அக்கூடு இன்றும் அங்குள்ள உடற்கூற்றியல் காட்சிசாலையில் இருக்கிறது.

பின்வந்த நூற்றாண்டுகளில் மருத்துவப் பள்ளிகள் பெருகப் பெருக, எலும்புக்கு வியாபாரமும் பெருகிற்று. ஏழரை அடிக்கு மேல் வளர்ந்த சார்லஸ் பைர்ன் என்ற அயர்லாந்துக்காரன், தன் உடல் அறுவைக்காரர் கையில் சிக்கலாகாது, கடலிலேயே அடக்கம் செய்யப்பட வேண்டும் என்று கெஞ்சி 1783-இல் இறந்தான். ஆயினும் லண்டனில் ஜான் ஹன்டர் அதை விலைகொடுத்து வாங்கிக் கோத்துவிட்டார். அதைக் காட்சியிலிருந்து நீக்க 2023 வரை ஆயிற்று. நம் தேசத்திலோ, கேட்பாரற்ற ஏழைகளின் உடல்களிலிருந்து எடுத்த எலும்புகளைக் கல்கத்தா வியாபாரிகள் உலகத்தின் மருத்துவக் கல்லூரிகளுக்கெல்லாம் நெடுங்காலம் ஏற்றுமதி செய்துவந்தார்கள். 1985-இல்தான் அரசாங்கம் அதைத் தடைசெய்தது. அந்தத் தடை அவசியமானது. வெகு தாமதமாக வந்தது என்பதே என் அபிப்பிராயம்.

பிளாஸ்டிக்கில் வார்த்த எலும்புகள் இப்போது கிடைக்கின்றன. என்றாலும் மெய்யான எலும்பின் எடையும், தசை பற்றியிருந்த இடத்துச் சொரசொரப்பும், ஆளுக்கு ஆள் வேறுபடும் வளைவும் வார்ப்பில் முழுதும் வருவதில்லை. ஆகையால் மாணவருக்கு மனித உடல் இன்னும் தேவைப்படுகிறது. இனி அது விருப்பத்தோடு தருவோரிடமிருந்தே வரவேண்டும். உடல் தானம் செய்ய நினைக்கும் வாசகர்கள், அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் உடற்கூற்றியல் துறையில் சம்மதப் பத்திரத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, அதைத் தம் வீட்டாரிடமும் இப்போதே சொல்லி வைப்பார்களாக.