பட்டாளத்துத் துப்பாக்கி வேட்டைத் துப்பாக்கி ஆன கதை



சாமை கதிர் முற்றுகிற காலத்தில் கல்வராயன் மலையில் இராத் தங்கியவர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும். பரண் மேலே ஒரு ஆள், கையிலே தட்டுகிற தகரம், காலடியிலே ஒரு நாய். விடிய விடியக் கூவிக் காவல் காத்தாலும், கொஞ்சம் கண் அயர்ந்த நேரம் பார்த்துப் பன்றிக் கூட்டம் இறங்கிவிடும். மரவள்ளிக் கிழங்கைக் கிளறிப் போட்டுவிட்டு, சாமையை மிதித்துத் துவைத்துவிட்டுப் போய்விடும். மாசக் கணக்கில் பட்ட பாடு ஒரே ராத்திரியில் போச்சு.

அப்படி ஒரு பரணடியில் உட்கார்ந்திருந்தபோது, வெள்ளிமலைப் பக்கத்து இளைஞர் ஒருவர் கேட்டார்: "ஏங்க ஐயா, வெளிநாட்டிலே பழைய பட்டாளத்துத் துப்பாக்கியை வாங்கி, வெட்டித் திருத்தி, அருமையான வேட்டை ரைபிளா ஆக்கிக்கிறாங்களாமே? நம்ம ஊர்ப் பட்டறையிலே அப்படி ஒண்ணு பண்ண முடியாதா?"

"முடியாது தம்பி" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் ஏன் முடியாது, பின்னே நமக்கு எதுதான் முடியும் என்று தெரிய வேண்டுமானால், நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கதை ஒன்றைக் கேட்க வேண்டும். அதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் ரைபிள் என்றால் என்ன என்று பார்ப்போம். நம் மலைக்காட்டு நாட்டுத் துப்பாக்கிக்குக் குழலின் உள்பக்கம் வழவழப்பாக இருக்கும். வாய் வழியாகக் கரிமருந்தைப் போட்டு, இடித்து, ஈய ரவையைப் போட்டுச் சுடுவார்கள். ரைபிளின் குழலுக்குள்ளே திருகாணிக்கு இருப்பதுபோல மரை வெட்டியிருக்கும். தோட்டாவின் குண்டு சுழன்றுகொண்டே வெளியே வரும். சுழல்வதால் பம்பரம் போல் நிலை தடுமாறாமல் நேராகப் போகும்.

குழலுக்குப் பின்னால் இருப்பதுதான் துப்பாக்கியின் உயிர். அதை ஆக்ஷன் என்கிறார்கள். வேறொன்றும் இல்லை, நம் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள் மாதிரிதான். கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் காலித் தோட்டா வெளியே விழும். முன்னால் தள்ளினால் புதுத் தோட்டா உள்ளே போகும். கைப்பிடியைக் கீழே மடக்கினால் தாழ்ப்பாள் பூட்டிக்கொள்ளும். மருந்து வெடிக்கும்போது உண்டாகிற அத்தனை வேகத்தையும் இந்தத் தாழ்ப்பாள்தான் தாங்கி நிற்கிறது. இது விட்டுப்போனால் வெடி சுடுகிறவன் முகத்துக்கே வரும்.

இப்படிப்பட்ட தாழ்ப்பாள்களில் பேர்போனவை இரண்டு. ஸ்காட்லாந்தில் பிறந்து, சின்ன வயசிலேயே கனடாவுக்குப் போன ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர் கண்டது ஒன்று. ஜெர்மனிக்காரர் பால் மௌசர் கண்டது மற்றொன்று. லீயின் பொறியை இங்கிலாந்து ராணுவம் 1888-ல் ஏற்றுக்கொண்டது. 1895-ல் என்ஃபீல்டு என்கிற ஊர்த் தொழிற்சாலையின் பேரும் சேர்ந்து 'லீ என்ஃபீல்டு' ஆனது. நம் ஊர்ப் போலீஸ்காரர் தோளில் வெகுகாலம் தொங்கிய '303' துப்பாக்கி இந்த வம்சம்தான். கல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி ஆற்றங்கரையில் இருக்கிற இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் நம் நாட்டிலேயே லட்சக்கணக்கில் செய்தார்கள். இரண்டு உலக யுத்தங்களிலும் நம் சிப்பாய்கள் தூக்கியது இதுதான். உத்தரப் பிரதேசப் போலீஸார் 2020 குடியரசு தின அணிவகுப்போடுதான் இதற்கு விடை கொடுத்தார்கள் என்றால், எவ்வளவு காலம் உழைத்திருக்கிறது பாருங்கள்! மௌசரின் பொறி 1898-ல் முழு வடிவம் பெற்றது. அதில் தாழ்ப்பாளின் முன்தலையிலேயே இரண்டு பூட்டுப் பற்கள். லீயின் பொறியில் பூட்டு பின்பக்கம். அதனால் பலத்துக்கு மௌசர், வேகமாகச் சுடுவதற்கு லீ என்று சொல்லுவார்கள்.

சரி, யுத்தத்துக்குச் செய்த பொறி காட்டுக்கு எப்படி வந்தது? பட்டாளத்து ஜீப்பை ஏலத்தில் எடுத்துத் தோட்டத்துச் சாமான் ஏற்ற ஓட்டுகிற ஆட்களை நாம் பார்த்ததில்லையா? அதே கணக்குத்தான். ராணுவத்துக்கு என்றால் சர்க்கார் நல்ல எஃகு போட்டு, பதம் பார்த்து, சோதனை செய்துதான் வாங்கும். தனி ஆள் பட்டறை வைத்து அந்தத் தரத்தில் ஒரு பொறி செய்ய வேண்டுமானால் கட்டுபடியாகாது.

ஆகவே நல்ல தொழிலாளிகள் பொறியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மாற்றினார்கள். நுனி வரைக்கும் மூடியிருந்த கனத்த மரத்தை எடுத்துவிட்டு, ஆளின் தோளுக்கும் கை நீளத்துக்கும் அளவெடுத்து வால்நட் மரத்தில் புதுக்கட்டை இழைத்தார்கள். வேட்டைக்கு ஏற்ற குழல், குறிபார்க்கும் கண், இழுத்தால் இதமாக விடும் விசை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். ஒரு துப்பாக்கிக்கு மாசக் கணக்கில் வேலை. சட்டைக்கு அளவெடுத்துத் தைப்பது போல.

லண்டனில் ரிக்பி என்ற கம்பெனி மௌசர் பொறியை வரவழைத்து இப்படி வேட்டைத் துப்பாக்கிகள் செய்தது. நேபாளத்திலும் குமாவுன் மலையிலுமாக 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் சம்பாவத் பெண்புலியை 1907-ல் ஜிம் கார்பெட் சுட்டபோது, அவருக்குப் பரிசாகக் கொடுத்தது அந்த ரிக்பி ரைபிள் ஒன்றுதான். அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் தம் நாட்டு ராணுவத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிளையே வேட்டைக்குத் தக்கபடி செய்யச் சொல்லி, 1909-ல் ஆப்பிரிக்காவுக்கு எடுத்துப் போனார். இரண்டாவது உலக யுத்தம் 1945-ல் முடிந்த பிறகு, பல தேசத்து ராணுவங்கள் கழித்துப்போட்ட துப்பாக்கிகள் அமெரிக்கக் கடைகளில் அடிமாட்டு விலைக்கு வந்தன. விவசாயிகளும் கூலிக்காரர்களும்கூட வாங்கி, ஓய்வு நேரத்தில் மரத்தைச் செதுக்கி மான் வேட்டைக்குப் போனார்கள். 1968-ல் அங்கேயும் சட்டம் வந்து அந்த இறக்குமதியை நிறுத்தியது.

இனி நம் நாட்டுப் பக்கம் வருவோம். இங்கே கதை வேறு மாதிரி போயிற்று. காரணம் 1857. சிப்பாய்கள் எழுந்து நின்றதைக் கண்டு வெள்ளைக்காரன் மிரண்டு போனான். அதன் பிறகு இந்தியச் சிப்பாய்க்கு மரை இல்லாத வழவழப்புக் குழலையே கொடுத்தான். 1878-ல் ஆயுதச் சட்டம் போட்டு, இந்தியன் துப்பாக்கி வைக்க லைசென்ஸ் வேண்டும் என்றான். வெள்ளைக்காரனுக்கு மட்டும் விலக்கு! ராணுவத் தோட்டா கலகக்காரர் கையில் சேர்ந்துவிடக் கூடாது என்று, 303 அளவு ரைபிளைத் தனி ஆட்கள் வைத்துக்கொள்ளவும் தடை போட்டான்.

தடை போட்டால் வியாபாரி சும்மா இருப்பானா? அதே லீ பொறியை வைத்துக்கொண்டு, குழலின் அளவை மட்டும் மாற்றினார்கள். 303-க்குப் பதில் 315, அதாவது எட்டு மில்லிமீட்டர். பட்டாளத்துத் தோட்டா இதில் பொருந்தாது. இதன் தோட்டா பட்டாளத்துக்குப் பயன்படாது. சுதந்திரத்துக்குப் பிறகு நம் இஷாப்பூர் தொழிற்சாலையே 315 வேட்டை ரைபிளைச் செய்து லைசென்ஸ்காரர்களுக்கு விற்றது. வட இந்தியக் கிராமங்களில் பெரிய பண்ணைக்காரர் வீட்டுச் சுவரில் தொங்குவது பெரும்பாலும் இதுதான். ஆகப் பழைய பட்டாளப் பொறியில் வேட்டை ரைபிள் என்று அந்தத் தம்பி கேட்டாரே, அதை நம் நாட்டில் சர்க்கார் தொழிற்சாலையே செய்தது.

இன்னொரு பிறவியும் உண்டு. அதே 303-ன் குழலை வழவழப்பாக்கி, தோட்டாப் பெட்டி இருந்த இடத்தில் மரத்துண்டை அடைத்து, ஒரு தரத்துக்கு ஒரு வெடி மட்டும் சுடும்படி '410 மஸ்கட்' என்று செய்தார்கள். போலீஸுக்கும் ஜெயில் காவலுக்கும் கொடுத்தார்கள். பல்லைப் பிடுங்கிய பாம்பு மாதிரி. ஒரே பொறி, யார் கையில் கொடுப்பது என்பதைப் பார்த்து மூன்று உருவம் எடுத்தது.

இதற்கெல்லாம் நடுவே நம் மலை எப்படி இருந்தது? கல்வராயன் மலை மூன்று ஜாகீர்தார்கள் கையில் கிடந்தது. நாடு சுதந்திரம் அடைந்து ஏறக்குறைய முப்பது வருஷம் கழித்து, 1976-ல்தான் சர்க்கார் நிர்வாகத்துக்கு வந்தது. 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆயிற்று. லைசென்ஸ், கச்சேரி, மனு என்பதெல்லாம் மலை ஜனங்களுக்குத் தூரத்துச் சங்கதி. துப்பாக்கி மட்டும் பக்கத்திலேயே கிடைத்தது. இரும்புக் குழாயும் ஒரு மரக்கட்டையும் போதும் என்று செய்த நாட்டுத் துப்பாக்கி.

இங்கேதான் அந்தத் தம்பியின் கேள்விக்கு முதல் பதில். இங்கிலாந்தில் 1813-லேயே பர்மிங்காம் நகரில் சோதனைச்சாலை வைத்தார்கள். வழக்கமான மருந்தைவிடக் கூடுதலாகப் போட்டு வெடித்துப் பார்த்து, தாங்கினால்தான் குழலில் முத்திரை குத்துவார்கள். நம் தொழிற்சாலைத் துப்பாக்கிக்கும் சோதனை முத்திரை உண்டு. தண்ணீர்க் குழாய்க்கு எந்த முத்திரை இருக்கிறது? நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் பக்கத்தில் ஒரு பெரியவர், இடது கையில் இரண்டே விரல் வைத்திருப்பார். "பன்னிக்கு வெச்சேன், எனக்கே வந்துது" என்பார். பொறி என்பது வெறும் இரும்பு இல்லை. பதம் தெரிந்து செய்த இரும்பு.

இரண்டாவது பதில் சட்டம். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்வது, மாற்றுவது, ரிப்பேர் பார்ப்பது, குழலை அறுத்துக் குட்டையாக்குவது எல்லாமே குற்றம். 2019-ல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு இதற்குக் குறைந்தது ஏழு வருஷம், அதிகபட்சம் ஆயுள் தண்டனை. லைசென்ஸ் இல்லாமல் சும்மா வீட்டில் வைத்திருந்தாலே இரண்டு முதல் ஐந்து வருஷம் வரை உள்ளே போக நேரும். சாமையைக் காப்பாற்றப் போய்ப் பிள்ளையைச் சிறைக்கு அனுப்பலாமா?

ஆனால் அதே சட்டத்தில் நமக்கு என்று ஒரு வாசல் இருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை. 13-வது பிரிவைக் கேளுங்கள். உண்மையாகவே பயிர்ப் பாதுகாப்புக்காக, வாய் வழி மருந்து போடும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்டு விவசாயி மனுக் கொடுக்கலாம். விசாரணையில் மறுக்கக் காரணம் ஏதும் இல்லையென்றால் கொடுக்க வேண்டும் என்றே சட்டம் சொல்கிறது. மனு கலெக்டருக்குப் போகும், போலீஸ் விசாரணை நடக்கும். நிலத்துக்கான ஆதாரத்தையும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். லைசென்ஸ் கிடைத்தாலும் அது வேட்டைக்கு அனுமதி ஆகாது. 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப்பன்றிக்கும் உண்டு. சத்தம் கேட்க வெடித்து விரட்டலாம், இஷ்டத்துக்குச் சுடக்கூடாது. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்து சேதம் செய்யும் பன்றியை வனத்துறையாரே சுடுவதற்குத் தமிழ்நாடு அரசு 2025-ல் வழி செய்தது. மலைமேல் காட்டை ஒட்டியே கொல்லை வைத்திருப்பவர்களுக்கு இது எட்டாது. அவர்கள் சேதத்தை அன்றன்றைக்கே வனத்துறைக்குத் தெரிவித்து, இழப்பீடு கேட்டு மனுக் கொடுப்பதுதான் வழி.

அந்தத் தம்பியிடம் இவ்வளவையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப அப்பா காலத்துக் குழாயைப் போலீஸ்லே ஒப்படைச்சுட்டு, மனு எழுதிடறேங்க" என்றார். நல்ல முடிவு. பரணில் தகரம் தட்டுகிற கை பத்து விரலோடு இருக்க வேண்டும், விடிந்ததும் ஏர் பிடிக்க அந்தக் கை வீட்டிலே இருக்க வேண்டும்.