திருவெண்ணெய்நல்லூரில் அறிதல் பற்றிய ஆய்வு

கவனம், நினைவு, சிந்தனை ஆகியவற்றை ஆராயும் அறிதல் உளவியல், 1879இல் லைப்சிக் நகரில் வுண்ட் நிறுவிய உளவியல் ஆய்வகத்தில் வேர்கொண்டு, உல்ரிக் நைசர் 1967இல் வெளியிட்ட நூலால் தன் பெயரை நிலைநாட்டிக்கொண்டது. அறிவது எது, எதனால் அறிகிறது என்னும் அடிப்படை வினாவை, விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூரில் 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மெய்கண்டார், சிவஞானபோதத்தின் நான்காம் நூற்பாவிலேயே எழுப்பிவிட்டார். வீடுபேற்றை நாடிய அவரை ஆய்வக உளவியலின் முன்னோடி என்பது பொருந்தாது. ஆயினும் அவர் மரபின் பகுப்பு வியக்கத்தக்க நுட்பமுடையது. அந்தக்கரணங்கள் எனப்படும் உட்கருவிகளுள் மனம் பொருளைப் பற்ற, புத்தி இன்னதென நிச்சயிக்க, அகங்காரம் முனைந்தெழ, சித்தம் சிந்திக்கிறது. உயிர் இவற்றின் வேறாயினும், இவற்றோடு கூடியே நனவு முதல் உயிர்ப்படக்கம் ஈறான ஐந்து நிலைகளை அடைகிறது. அவருடைய மாணவர் அருணந்தி சிவாசாரியார், காட்சி, கருதல், உரை என்னும் அளவைகளை, அதாவது அறிவு பிறக்கும் வழிகளை, சிவஞான சித்தியாரில் விரித்துரைத்தார்.